கணினி எழுதும் நாட்குறிப்பு

அலுவலகங்களில் பணியாற்றியோர் யாவரும் ஓர் உண்மையை அறிவர். ஒரு காரியம் நடந்தது என்பது ஒன்று. நடந்ததாகப் பதிவேட்டில் ஏறியது என்பது மற்றொன்று. அந்தப் பதிவேட்டை வேண்டிய நாளில் கேட்டுப் பெற முடிந்தது என்பது மூன்றாவது. மூன்றும் ஒன்றே என்று நினைத்திருப்பவர்கள், ஓய்வூதியம் ஒரு மாதம் நின்ற பிறகே வேற்றுமையை உணர்கிறார்கள். தபால் பதிவேடு, வருகைப் பதிவேடு, ரயில் நிலையத்தில் வண்டிகள் வந்து சென்ற நேரத்தைக் குறிக்கும் பதிவேடு என்று நாம் காகிதத்தில் கண்டவை பலவும் இன்று கணினிக்குள் குடிபுகுந்துவிட்டன. அங்கே அவற்றை எழுதுவது இயந்திரம். பல சமயங்களில் அவற்றைக் கேட்டு வாங்குவதும் இயந்திரமே. ஓர் இயந்திரம் இன்னோர் இயந்திரத்திடம் அதன் பதிவேட்டைக் கேட்டுப் பெறுவது எவ்வாறு, அதில் நமக்கு உள்ள அக்கறை என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இஃது இயந்திர வல்லுநர்களின் விவகாரம் ஆயிற்றே என்று நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். டில்லியின் கரோல்பாக்கிலும், மும்பையின் மாதுங்காவிலும் தாராவியிலும், பெங்களூரிலும், புனேயிலும் குடியேறி வாழும் நம்மவர்க்கே இவ்வறிவு மற்றவர்களினும் மிகுதியாக வேண்டியிருக்கிறது. சொந்த ஊரில் இருப்பவருக்கு ஒரு சங்கடம் நேர்ந்தால், "இவரை எனக்குத் தெரியும், அன்று இவர் வந்து கைரேகை வைத்ததை நானே பார்த்தேன்" என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். தபால்காரர் தெரிந்தவர், ரேஷன் கடைக்காரர் தகப்பனார் பெயரைச் சொல்லி விசாரிப்பவர். முகமும் மொழியும் புதிதான மாநிலத்தில் நமக்காகச் சாட்சி சொல்லப் பல சமயங்களில் கணினியில் ஏறிய ஒரு வரிதான் இருக்கிறது. அந்தச் சாட்சியை அழைக்கும் வகையை அறிந்திருப்பது நல்லதன்றோ?

முதலில் சொற்களைச் சற்று நோக்குவோம். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு அவற்றைத் தாண்டிச் செல்ல மனம் வருவதில்லை. ஆங்கிலத்தில் இவ்வகைப் பதிவேட்டுக்கு 'லாக்' என்று பெயர். அதன் நேர்ப்பொருள் மரக்கட்டை. பாய்மரக் கப்பல்கள் ஓடிய காலத்தில், கப்பலின் வேகத்தை அறிவதற்காகக் கயிற்றில் கட்டிய ஒரு மரத்துண்டைப் பின்புறமிருந்து கடலில் எறிவார்கள். கயிற்றில் சம தூரத்தில் முடிச்சுகள் இருக்கும். மணற்கடிகாரத்தில் மணல் இறங்கி முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைவிட்டு ஓடின என்று எண்ணி, அவ்வெண்ணை நேரத்துடன் ஒரு புத்தகத்தில் குறிப்பார்கள். கட்டையின் பெயர் நாளடைவில் அந்தப் புத்தகத்துக்கே பெயராயிற்று. முடிச்சைக் குறிக்கும் 'நாட்' என்ற சொல் இன்றும் கப்பல் வேகத்தின் அளவாக வழங்குகிறது. கணினியை ஆக்கியோர் இச்சொல்லைக் கப்பலோட்டிகளிடம் இரவல் வாங்கினர். 'சிஸ்டம் ஈவென்ட் லாக்' என்பதை 'அமைப்பு நிகழ்வுப் பதிவேடு' என்று பெயர்த்தால் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, நாக்குத்தான் இடறும். ஆகவே இக்கட்டுரையில் 'நிகழ்வுப் பதிவேடு' என்று வழங்குவோம். அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் 'பதிவு' என்போம்.

ஒரு பதிவில் என்ன இருக்கும்? நேரம், எந்த இயந்திரம் அல்லது எந்த நிரல் எழுதியது, யார் பொருட்டு எழுதியது, நடந்தது என்ன, முடிவு வெற்றியா தோல்வியா என்பன இருக்கும். இவற்றோடு, நிகழ்ச்சி எவ்வளவு கடுமையானது என்பதைக் காட்டும் ஒரு குறியும் சேரும். இந்தத் தரம் பிரிக்கும் வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1980-களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் ஆல்மன் என்பவர், மின்னஞ்சலைக் கொண்டு சேர்க்கும் 'சென்ட்மெயில்' என்ற நிரலை உருவாக்கினார். அந்நிரல் செய்யும் வேலைகளைக் குறித்துவைக்க 'சிஸ்லாக்' என்று ஓர் ஏற்பாட்டையும் செய்தார். மற்ற நிரல்களும் அதனையே கைக்கொண்டன. எழுதப்பட்ட விதி இல்லாமல் வழக்கமாகவே நடந்துவந்த அம்முறைக்கு 2001-இல் ஒரு விவரணமும், 2009-இல் முறையான நியமமும் வெளியாயின. அதில் கடுமைக்கு எட்டுப் படிகள் உண்டு. 0 என்றால் அமைப்பே உபயோகமற்றுப் போன அவசரநிலை, 3 என்றால் பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறும் தகவல், 7 நிரலைச் சோதிப்பவருக்கு மட்டும் வேண்டிய நுண்குறிப்பு. எண் சிறுத்தால் ஆபத்து பெருக்கும். நம் காரியாலயங்களில் எல்லாக் கோப்புகளுக்கும் 'மிக அவசரம்' என்ற சீட்டை ஒட்டி, முடிவில் எதுவுமே அவசரமில்லாமல் போய்விடுவதை நேயர்கள் அறிவார்கள். அந்த நோய் கணினிக்கும் உண்டு. எதற்கெடுத்தாலும் எச்சரிக்கை எழுதும் நிரலின் பதிவேட்டை ஒருவரும் படிப்பதில்லை.

நிரல்கள் எழுதும் பதிவேட்டுக்கும் அடியில், இயந்திரமே தன் உடல்நிலையை எழுதிக்கொள்ளும் பதிவேடு ஒன்று இருக்கிறது. நிகழ்வுப் பதிவேடு என்ற பெயர் மிகவும் பொருந்துவது இதற்கேயாகும். வங்கிகளும் அரசாங்கத் துறைகளும் தம் கணக்குகளை வைத்திருக்கும் பெரிய கணினிகளை 'சர்வர்' என்கிறோம். ஒவ்வொரு சர்வரின் பலகையிலும் ஒரு சின்னஞ்சிறு கணினி தனியாகப் பொருத்தப்பட்டிருக்கும். 'பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர்' என்பது அதன் நீண்ட பெயர். நாம் அதனைக் காவற்காரன் என்று அழைக்கலாம். பெரிய கணினியை நிறுத்தி வைத்தாலும், மின்கம்பி இணைந்திருக்கும் வரையில் இந்தக் காவற்காரன் உறங்குவதில்லை. விசிறி நின்றது, வெப்பம் எல்லை மீறியது, மின்சாரம் தரும் பகுதி ஒன்று பழுதாயிற்று, நினைவகத்தில் பிழை கண்டது, யாரோ பெட்டியின் மூடியைத் திறந்தார் என்பவற்றை நேரத்துடன் குறித்து வைக்கும். இன்டெல், டெல், ஹியூலட்-பேக்கார்டு, என்.இ.சி. ஆகிய நான்கு நிறுவனங்கள் 1998-இல் கூடி வகுத்த 'ஐ.பி.எம்.ஐ.' என்ற முறைப்படி, இப்பதிவு ஒவ்வொன்றும் 16 பைட் அளவே உடையது. கடிதம் எழுத இடமில்லை. தந்தி அடிப்பதுபோல் எழுத வேண்டும். ஏடும் சிறியது. அது நிரம்பிவிட்டால் இரண்டு வழிகளே உண்டு. புதியதை எழுதாமல் நிறுத்திவிடுவது ஒன்று. பழையதை அழித்து அதன்மேல் எழுதுவது மற்றொன்று. எவ்வழியிலும் ஏதோ ஒரு சாட்சி மறைகிறது. ஆகவே, ஏடு நிரம்பும் முன்பே அதனை வெளியே எடுத்து வேறிடத்தில் சேர்த்து வைக்க வேண்டிய அவசியம் எழுகிறது.

முன்னாளில் இதனை எடுப்பது பெருந்தொல்லையாக இருந்தது. ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியே சென்று, பெயரும் ரகசியச் சொல்லும் கொடுத்து உள்ளே நுழைந்து, அதற்குரிய கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு கம்பெனியின் இயந்திரத்துக்கு ஒரு கருவி. வேறொரு கம்பெனிக்கு வேறொரு கருவி. பத்து இயந்திரங்கள் உள்ள இடத்தில் இதனைச் செய்யலாம். ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கும் கூடத்தில் மனிதனால் ஆகுமா?

இதற்குப் பரிகாரமாக வந்ததே இணையவழி ஏ.பி.ஐ. என்பது. இதனை விளக்க ரயில் நிலையத்து டிக்கெட் கவுண்டரை உவமையாகக் கொள்வோம். உள்ளே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், கணக்கு எவ்வாறு எழுதுகிறார்கள் என்பதை வெளியே நிற்பவர் அறிய வேண்டுவதில்லை. படிவத்தில் வண்டி எண், தேதி, புறப்படும் இடம், சேரும் இடம் ஆகியவற்றை உரிய கட்டங்களில் நிரப்பி நீட்டினால் போதும். படிவம் சரியானால் விடை வரும். தவறானால் திரும்பி வரும். ஏ.பி.ஐ. என்பது ஒரு கணினி நிரல் மற்றொரு நிரலுக்குப் படிவம் நீட்டும் கவுண்டர். இணையப் பக்கங்களைக் கொண்டுவர உபயோகமாகும் அதே வழக்குமுறையில், அதே கம்பிகளின் வழியே அந்தப் படிவம் செல்வதால் அதற்கு 'இணையவழி' என்ற அடைமொழி சேர்ந்தது. இவ்வழக்குமுறையை எவ்வாறு ஒழுங்காகப் பயன்படுத்துவது என்பதை ராய் ஃபீல்டிங் என்பவர் 2000-இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஒரு கொள்கையாக வகுத்தார். சர்வர்களின் பதிவேடுகளுக்கும் அக்கொள்கையைப் பொருத்தி, எல்லாக் கம்பெனி இயந்திரங்களுக்கும் பொதுவாக 2015-இல் வெளியிடப்பட்ட நியமத்துக்கு 'ரெட்ஃபிஷ்' என்று பெயர். செம்மீன் என்று பெயர்த்தால் நேயர்களுக்குத் தகழியின் நாவல் நினைவுக்கு வரும். ரெட்ஃபிஷ் என்றே இருக்கட்டும்.

ரெட்ஃபிஷ் முறையில் ஒரு பதிவேட்டைக் கேட்பது பெரிய அலுவலகத்தில் ஒரு கோப்பைத் தேடிச் செல்வதை ஒக்கும். முதலில் கட்டடத்தின் வாயில். பிறகு 'சிஸ்டம்ஸ்' என்ற பிரிவு. அதில் குறித்த ஓர் இயந்திரம். அதனுள் 'லாக் சர்வீசஸ்' என்ற பதிவேட்டு அறை. அங்கே குறித்த ஒரு பதிவேடு. அதனுள் 'என்ட்ரீஸ்' என்ற பதிவுகள். இந்தப் படிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்கோடிட்டு எழுதினால் அதுவே முகவரி. அம்முகவரிக்கு 'கெட்' என்ற வினையுடன் விண்ணப்பம் போகும். அவ்வினைக்குப் 'படித்துக் காட்டு' என்பதே பொருள், எதனையும் மாற்றாது. பதிவேட்டை அழிக்க வேண்டுமானால் 'போஸ்ட்' என்ற வேறு வினையால் தனியே கட்டளையிட வேண்டும். படிப்பவர் கையில் தவறுதலாக ரப்பர் அகப்படாதிருக்க இந்தப் பிரிவினை உதவுகிறது. விடையாக வரும் ஒவ்வொரு பதிவிலும் அதன் எண், எழுதப்பட்ட நேரம், சாதாரணம், எச்சரிக்கை, ஆபத்து என்ற மூன்றில் ஒரு தரம், மனிதர் படிக்கத்தக்க ஒரு வாக்கியம் ஆகியவை இருக்கும். ஏடு நிரம்பினால் பழையது அழியுமா, எழுதுவது நிற்குமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

விண்ணப்பத்துக்கு வரும் பதில் ஒரு மூன்றிலக்க எண்ணோடு தொடங்கும். இந்த எண்களில் நம் அலுவலக வாழ்க்கையே அடங்கியிருக்கிறது. 200 என்றால், கேட்டது கிடைத்தது. 401 என்றால், 'தாங்கள் யார் என்பது தெரியவில்லை. அடையாளச் சீட்டைக் காட்டுக.' 403 என்றால், 'தாங்கள் யார் என்பது நன்றாகத் தெரியும். ஆனால் இதனைப் பார்க்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லை.' இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, அடையாளச் சீட்டைத் திரும்பத் திரும்பக் காட்டிக் கால் கடுக்க நிற்பவர்கள் கணினி உலகிலும் உண்டு. 404 என்பது, 'அப்படி ஒரு முகவரியே இங்கு இல்லை' என்பது. இதனை நேயர்கள் பலரும் திரையில் கண்டிருப்பார்கள். 429 என்பது 2012-இல் சேர்ந்த எண். 'நீங்கள் அளவுக்கு மிஞ்சி அடிக்கடி கேட்கிறீர்கள். சற்றுப் பொறுத்து வாருங்கள்' என்று அதற்குப் பொருள். எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்பதையும் சில கவுண்டர்கள் மரியாதையாகச் சொல்லி அனுப்புகின்றன.

200 என்ற எண் வந்துவிட்டது என்று மகிழ்ந்து விடுவதில் ஓர் அபாயம் இருக்கிறது. பதிவேட்டில் பத்தாயிரம் பதிவுகள் இருந்தால் கவுண்டர் அனைத்தையும் ஒரே கட்டாகத் தராது. ஐம்பதோ நூறோ கொடுத்து, அடியில் 'தொடர்ச்சிக்கு இம்முகவரி' என்று எழுதிவிடும். கேட்கும் நிரல் அந்தத் தொடர்ச்சியைப் பிடித்துக்கொண்டு, தொடர்ச்சி இல்லை என்ற நிலை வரும் வரையில் ஒவ்வொரு பக்கமாகக் கேட்க வேண்டும். நிரல் எழுதியவர் அதனைக் கவனியாமல் விட்டால், முதற்பக்கம் மட்டும் வந்து சேரும். எந்தப் பிழை எண்ணும் வராது. எல்லாம் ஒழுங்காக நடந்ததாகவே தோன்றும். அதனைப் பார்த்த அதிகாரி, 'பதிவேட்டில் தங்கள் பெயர் இல்லை' என்று எழுதுவார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் முன் உள்ள பக்கத்தில் பெயர் இல்லை என்பது உண்மைதான். நம் அபிப்பிராயத்தில், பதிவேடுகள் பற்றிய தவறுகளில் இதுவே மிகக் கொடியது. ஏனெனில், இதற்கு ஆளானவர் தவறு எங்கே நேர்ந்தது என்று காட்டவும் இயலாது.

இன்னொரு சங்கடம் கடிகாரத்தில் இருக்கிறது. உலகெங்கும் உள்ள இயந்திரங்கள் தமக்குள் பேசிக்கொள்ளப் பெரும்பாலும் 'யு.டி.சி.' எனப்படும் உலகப் பொதுநேரத்தையே எழுதுகின்றன. இந்திய நேரம் அதற்கு 5 மணி 30 நிமிஷம் முந்தியது. ஆகவே, நவம்பர் 15-ஆம் தேதி விடியற்காலை 1 மணி 40 நிமிஷத்துக்கு இங்கே நடந்த காரியம், பதிவேட்டில் 14-ஆம் தேதி இரவு 8 மணி 10 நிமிஷம் என்று நிற்கும். நள்ளிரவுக்கும் காலை ஐந்தரை மணிக்கும் இடையே நிகழும் எல்லாவற்றுக்கும் தேதியே மாறிவிடுகிறது. இரவு வண்டியில் பிரயாணம் செய்துகொண்டே கைப்பேசியில் பணம் அனுப்பும் நம்மவர்களுக்கு இது வேடிக்கைக் கணக்கன்று. தேதி குறித்துக் கேட்கும்போது ஒரு நாள் முன்பின்னாகக் கேட்டால் தப்பலாம். ரெட்ஃபிஷ் நியமம் நேரத்துடன் அந்த இடைவெளியையும் எழுத வேண்டும் என்று விதித்திருப்பது நல்ல ஏற்பாடு.

கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும் என்பதில் இந்திய அரசாங்கமும் கண்டிப்புக் காட்டியிருக்கிறது. கணினி விபத்துகளைக் கவனிக்கும் 'செர்ட்-இன்' என்ற மத்திய அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் ஓர் உத்தரவு பிறப்பித்தது. அதன்படி நிறுவனங்கள் தம் கணினிகளின் கடிகாரங்களை, தேசிய தகவலியல் மையத்தின் நேரத்தோடோ, டில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் நேரத்தோடோ இசைவித்துக்கொள்ள வேண்டும். வானொலியில் நேரம் சொல்லும் ஒலிக்குக் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட பழைய வழக்கத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கணினிகள் அதனையே இடைவிடாது செய்கின்றன. அதே உத்தரவு, எல்லாக் கணினி அமைப்புகளின் பதிவேடுகளையும் 180 நாட்களுக்குப் பாதுகாக்க வேண்டும் என்றும், குறித்த வகை விபத்துகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

பதிவேட்டைக் காப்பது பற்றிச் சொல்லும்போது கள்வனையும் மறந்துவிடக் கூடாது. கணினிக்குள் புகுந்தவன் தன் சுவட்டை மறைக்கப் பதிவேட்டையே துடைத்துவிட நினைப்பான். விண்டோஸ் கணினிகளில் இதற்கு ஓர் அழகிய மறுப்பு இருக்கிறது. பாதுகாப்புப் பதிவேட்டை யாராவது முழுவதும் அழித்தால், 'பதிவேடு அழிக்கப்பட்டது. அழித்தவர் இன்னார்' என்று 1102 என்ற எண்ணுடன் ஒரு பதிவு உடனே ஏறும். வெற்றேட்டில் முதல் வரியாக அதுவே நிற்கும். ஆயினும் போனது போனதுதான். அதனால்தான் பெரிய நிறுவனங்கள் சில நிமிஷங்களுக்கு ஒரு முறை ஏ.பி.ஐ. வழியே பதிவுகளைக் கேட்டு வாங்கி, தொலைவில் வேறோர் இடத்தில் சேர்த்து வைக்கின்றன. மறுபக்கத்தில், எழுதத் தகாதவற்றைப் பதிவேட்டில் எழுதிவிடுவதும் உண்டு. 2018 மே மாதம் டுவிட்டர் நிறுவனம், உபயோகிப்போரின் ரகசியச் சொற்கள் தன் உள்பதிவேட்டில் மறைக்கப்படாமல் எழுதப்பட்டிருந்ததைக் கண்டு, எல்லோரையும் அவற்றை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. சாட்சி உண்மை பேச வேண்டும் என்பது மெய்யே. அதற்காக வீட்டுச் சாவி இருக்கும் இடத்தைத் தெருவில் நின்று சொல்லலாமா?

இனி, நம் வீட்டுக்கு வருவோம். மத்திய அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்று, மதுரையில் வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டு, புனேயில் மகன் வீட்டில் வசிக்கும் ஒரு முதியவரை நினைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் நவம்பரில் அவர் தாம் உயிரோடிருப்பதற்குச் சான்று தர வேண்டும். 2014 நவம்பரில் தொடங்கிய 'ஜீவன் பிரமாண்' ஏற்பாட்டினால் இதற்காக மதுரை செல்ல வேண்டுவதில்லை. புனேயிலேயே விரல் ரேகை வைத்தோ, கைப்பேசியில் முகத்தைக் காட்டியோ முடித்துவிடலாம். அவரும் முடித்துவிட்டார். ஆனால் டிசம்பர் மாத ஓய்வூதியம் வரவில்லை. தொலைபேசியில் கேட்டால், சான்று வரவில்லை என்கிறார்கள். ஐந்து நிமிஷ வேலையைச் செய்ததற்குச் சாட்சி யார்? மகனும் மருமகளும் பார்த்தார்கள். அந்தச் சாட்சியம் மதுரைக்கு எட்டாது.

இங்கேதான் நிகழ்வுப் பதிவேடு கைகொடுக்கிறது. அவர் விரலோ முகமோ காட்டிய கணத்தில், ஆதார் அமைப்பின் சர்வரில் ஒரு பதிவு ஏறியிருக்கிறது. ஆதார் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் 'ஆத்தென்டிகேஷன் ஹிஸ்டரி' என்ற பகுதி இருக்கிறது. ஆதார் எண்ணைக் கொடுத்து, கைப்பேசிக்கு வரும் ஒரு தடவைக் கடவுச்சொல்லையும் கொடுத்து, தேதி வரம்பையும் குறித்தால், தம் பேரில் நடந்த அடையாளச் சோதனைகளின் பட்டியலை ஒருவர் பார்க்கலாம். நாம் பொத்தானை அழுத்துகிறோம். இத்தகைய பக்கங்களுக்குப் பின்னால் ஒரு நிரல் மற்றொன்றுக்கு, மேலே சொன்ன விதமாகவே படிவம் நீட்டுகிறது. இன்னார் என்று நிரூபிப்பதும், காலவரம்பு கொடுப்பதும், அளவோடு கேட்பதும் எல்லாம் அங்கும் உண்டு. ஒரு தடவைக்கு 50 பதிவுகள் வரையில் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், சோதனை எவ்வகையானது, சோதனை கேட்ட அமைப்பின் பெயர், பரிவர்த்தனை எண், வெற்றியா தோல்வியா என்பது, தோல்வியானால் பிழை எண் ஆகியவை இருக்கும். நம் முதியவர் அந்த வரியைப் பிரதி எடுத்து, ஜீவன் பிரமாண் கொடுத்த சான்று எண்ணுடன் சேர்த்து அனுப்பினால், பேச்சின் தோரணையே மாறிவிடும். 'நான் கொடுத்தேன்' என்பதற்குப் பதிலாக, இன்ன நாளில் இன்ன மணிக்கு இன்ன எண்ணில் ஏறியது என்று சொல்லலாம்.

அளவு கடந்து இதை நம்பவும் கூடாது. அந்த வரி, இன்னாருடைய அடையாளம் அந்நேரத்தில் பொருந்தியது என்பதையே நிரூபிக்கும். ஓய்வூதியம் வழங்கும் வங்கி அச்சான்றை எடுத்துக்கொண்டதா என்பது வேறொரு பதிவேட்டில் இருக்கும் செய்தி. ஒரு சாட்சி தான் கண்டதைத்தான் சொல்லும். ஆயினும், தவறு தம்முடையதன்று, இரண்டு அமைப்புகளுக்கு இடையே எங்கோ நேர்ந்தது என்பதை நிலைநாட்ட அது போதும்.

வெளிமாநிலத்தில் ரேஷன் வாங்கும் தொழிலாளிக்கும் இதுவே வழி. 'ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை' ஏற்பாட்டில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2022 ஜூனில் எல்லா மாநிலங்களும் சேர்ந்துவிட்டன. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் அட்டை உடையவர் எந்த மாநிலத்துக் கடையிலும் விரல் வைத்துத் தானியம் பெறலாம் என்பது அதன் ஏற்பாடு. சிமெண்டிலும் செங்கல்லிலும் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காவிட்டால், கடைக்காரர் 'வரவில்லை' என்று ஒரே சொல்லில் அனுப்பிவிடுவார். ஆனால் பதிவேட்டில் காரணம் எண்ணாக இருக்கும். 300 என்றால் விரல் ரேகை பொருந்தவில்லை. 330 என்றால் அட்டைக்குரியவரே முன்பு தம் விரல் ரேகையைப் பூட்டி வைத்திருக்கிறார். முதலாவதற்கு வேறு விரலையோ கண்ணையோ வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவதற்குப் பூட்டைத் திறந்தால் முடிந்தது. மொழி தெரியாத கடைக்காரரிடம் வாதாடுவதைவிட, இந்த எண்ணைக் காட்டுவது சுலபம். எண்ணுக்கு இந்தியும் இல்லை, மராத்தியும் இல்லை. இதற்கு மாறாக, தாம் செய்யாத சோதனை ஒன்று தம் பேரில் வெற்றி என்று ஏறியிருப்பதைக் கண்டால், உடனே ஆணையத்தின் 1947 என்ற தொலைபேசி எண்ணுக்குத் தெரிவித்துவிட்டு, விரல் ரேகையைப் பூட்டி வைப்பது நலம்.

நம்மவர்கள் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இடம் பெயர்ந்த புதிதில் பழைய கைப்பேசி எண்ணைக் கைவிட்டுப் புதிய எண் வாங்கிவிடுகிறார்கள். ஆதாரில் பழைய எண்ணே இருக்கிறது. கடவுச்சொல் அந்தப் பழைய எண்ணுக்குப் போகும். சில மாதங்களில் அவ்வெண் வேறொருவருக்கு வழங்கப்பட்டிருந்தால், சாட்சியை அழைக்கும் உரிமையே முன்பின் அறியாத ஒருவர் கையில் இருப்பதாகும். எண்ணை மாற்ற ஊருக்குச் செல்ல வேண்டியதில்லை. வசிக்கும் மாநிலத்தில் உள்ள ஆதார் மையத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். சங்கடம் வந்த பிறகு மாற்றுவதைவிட, வீடு மாறிய வாரத்திலேயே மாற்றிவிடுவது உத்தமம்.

காலவரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடையாளச் சோதனைப் பதிவுகளை ஐந்து ஆண்டுகள் வரையில் சேமித்து வைக்க முன்பு விதி இருந்தது. நம்மைப் பற்றிய குறிப்புகள் அவ்வளவு காலம் பிறர் கையில் இருப்பது தகாது என்று கருதி, உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 26-இல் வழங்கிய தீர்ப்பில் அவ்விதியை நீக்கி, ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது என்று கட்டளையிட்டது. நம் அந்தரங்கத்தைக் காக்க வந்த இந்த வரம்பு, நமக்கு வேண்டிய சாட்சிக்கும் அதே வரம்பாக அமைந்துவிட்டது. நாம் இத்தீர்ப்பைக் குறைகூறவில்லை. அது சரியானது என்றே கருதுகிறோம். ஆனால் அதன் விளைவை நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் முதியவர் டிசம்பரிலோ ஜனவரியிலோ அப்பக்கத்தைத் திறந்தால் தம் பதிவைக் காண்பார். திரையைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம். வங்கியிலிருந்து பதில் வரட்டும் என்று கோடை முழுவதும் காத்திருந்து ஜூனில் திறந்தால், நவம்பரில் ஏறிய அந்த வரி அங்கே இராது.